சென்ட்மெயிலிலிருந்து போஸ்ட்ஃபிக்ஸுக்கு: ஒரு பழைய மெயில் சேர்வரை மாற்றும் முறை

மெயில் சேர்வரில் மென்பொருளை மாற்றும்போது, புதியதை நிறுவுவது சின்ன வேலை. டெபியன் என்ற லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸையும் (மெயிலை அனுப்பி வாங்கும் மென்பொருள்) டவ்கொட்டையும் (பெட்டியைத் திறந்து படிக்க உதவுவது) இறக்கி ஓடவிட அரை மணி நேரம்கூடத் தேவையில்லை. நேரம் பிடிப்பது வேறு. பழைய சேர்வர் இத்தனை வருடமும் சத்தமில்லாமல் என்னென்ன செய்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். யாருடைய பழைய கடிதமும் தொலையாமல் பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் ஒபிசுக்கு வருகிறவர் தன் கொம்பியூட்டரில் எதையும் மாற்றாமல் வேலையைத் தொடங்க வேண்டும். இந்த மூன்றுக்கும்தான் இந்தக் குறிப்பு.

நான் பார்த்துக்கொள்ளும் சேர்வர் மட்டக்களப்பில், கல்லடிப் பக்கம் இயங்கும் ஓர் உள்ளூர்த் தொண்டு நிறுவனத்துடையது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரண வேலை மும்முரமாக நடந்த காலத்தில், வெளியிலிருந்து வந்தவர்கள் அமைத்துக் கொடுத்தது. அனுப்பவும் வாங்கவும் சென்ட்மெயில், பெட்டியைத் திறந்து படிக்க வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஐமாப் (மெயிலைச் சேர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை), பொப் (தன் கொம்பியூட்டருக்கு இறக்கிப் படிக்கும் முறை) மென்பொருள், ஆளுக்கொரு எம்பொக்ஸ் பைல், அதாவது எல்லா மெயிலும் ஒரே பைலில். மெஷின் மாறியிருக்கிறது, ஹார்ட் டிஸ்க் மாறியிருக்கிறது, உள்ளே இருந்த ஒழுங்கு மட்டும் அப்படியே. நாவலடி, டச்பார், திருச்செந்தூர் பகுதிகளின் வீட்டுப் பட்டியல்கள், காணி சம்பந்தமான கடிதங்கள், பிள்ளைகளின் படிப்பு உதவி விபரங்கள் எல்லாம் அந்தப் பெட்டிகளில்தான் கிடக்கின்றன. "எந்தத் திட்டத்தில எங்கட வீட்டைக் கட்டித் தந்தீங்க, ஒரு கடிதம் வேணும்" என்று இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். ஆகவே ஒரு மெயில்கூடத் தவறக் கூடாது என்பதை முதல் நிபந்தனையாக வைத்தேன். நீங்களும் அப்படியே வையுங்கள்.

சென்ட்மெயில் மோசமான மென்பொருள் என்று சொல்ல மாட்டேன். எரிக் ஆல்மன் பெர்க்லியில் 1980களின் தொடக்கத்தில் எழுதியது, உலகத்தின் மெயிலை நீண்ட காலம் சுமந்தது. ஆனால் அதன் அமைப்புப் பைலைத் திறந்து படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் இப்போது நம் பக்கத்தில் அரிது. எனக்குப் பிறகு வருகிறவர் அதை வைத்துத் திண்டாடக் கூடாது. வீட்சே வெனிமா ஐபிஎம்மில் எழுதி 1998இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ், வேலையைச் சின்னச் சின்ன நிரல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான அளவு அதிகாரத்தை மட்டும் கொடுக்கிறது. அமைப்புப் பைலும் படித்தால் புரியும். ரெட் ஹாட் நிறுவனம் தன் என்டர்பிரைஸ் லினக்ஸின் 6ஆம் பதிப்பில், 2010இல், இயல்பு மெயில் சேர்வராகச் சென்ட்மெயிலை விட்டுப் போஸ்ட்ஃபிக்ஸை எடுத்துக்கொண்டது. இன்னொரு வசதி: சென்ட்மெயில் என்ற பெயரிலேயே ஒரு கட்டளையைப் போஸ்ட்ஃபிக்ஸும் தருகிறது. அந்தக் கட்டளையை அழைத்து மெயில் அனுப்பும் பழைய ஸ்கிரிப்டுகள் எதையும் தொட வேண்டியதில்லை.

முதலில் பட்டியல்

புதிய மெஷினைத் தொடுவதற்கு முன் பழையதை முழுவதும் படித்துவிடுங்கள். சென்ட்மெயிலின் அடைவில் ஏலியஸ் (மாற்றுப் பெயர்கள்), விர்ச்சுயல் யூசர் டேபிள் (எந்த முகவரி யாருக்கு), அக்சஸ் (யாரை விடுவது, யாரை மறுப்பது), லோக்கல் ஹோஸ்ட் நேம்ஸ் (நம்முடைய டொமைன்கள்), மெயிலர் டேபிள் (எந்த டொமைனுக்கு எந்த வழி) என்று சில பைல்கள் இருக்கும். அவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவை ஒவ்வொருவரின் வீட்டு அடைவிலும் ஒளிந்திருக்கும் ஃபோர்வர்ட் பைல்களும் (மெயிலை வேறிடத்துக்குத் திருப்புபவை) புரொக்மெயில் விதிகளும் (வரும் மெயிலைப் பிரிப்பவை). எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் மெயில் இன்னும் யாருக்கோ திருப்பிவிடப்படுகிறதா என்பது அங்கேதான் தெரியும். அப்படி ஒன்றைக் கண்டால் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். இது தேவையா என்று பொறுப்பானவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது லொக் பைல். யார் எப்போது எங்கிருந்து அனுப்பினார் என்று சேர்வர் எழுதிவைக்கும் பதிவு அது. குறைந்தது ஒரு முழு மாதத்துப் பதிவாவது வேண்டும், ஏனென்றால் சில மெஷின்கள் மாதக் கடைசியில் மட்டும் வாயைத் திறக்கும். சம்பளச் சீட்டு அனுப்பும் கணக்கு மென்பொருள் அப்படித்தான். காலாண்டு அறிக்கை அனுப்புகிற இடமென்றால் மூன்று மாதப் பதிவு நல்லது. பழைய லொக் அழிபடாமல் இருக்கும்படி முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். அந்தப் பதிவிலிருந்து, சேர்வரைத் தொடர்புகொண்ட எல்லா ஐபி முகவரிகளையும் எடுத்து, எதிரே என்ன மெஷின் என்று எழுதுங்கள். எங்கள் பதிவில் 192.168.1.47 என்று ஒன்று அடிக்கடி வந்தது. பெயர் கிடையாது, பாஸ்வேர்ட் கொடுப்பதும் கிடையாது. அறை அறையாகத் தேடிப் போனால், அது மாடியில் இருக்கும் போட்டோகொப்பி மெஷின். ஸ்கேன் செய்யும் பத்திரங்களை அதுவே மெயிலாக அனுப்புகிறது. புதிய சேர்வர் பாஸ்வேர்ட் கேட்டால் இது பேசாமல் நின்றுவிடும். இதைப் போன்றவற்றுக்குப் பாஸ்வேர்ட் இல்லாமல் அனுப்ப விடும் முகவரிகளை எழுதும், போஸ்ட்ஃபிக்ஸின் மை நெட்வேர்க்ஸ் வரியில் அந்த ஒரு முகவரியை மட்டும் சேர்த்துவிடுங்கள். ஒபிஸ் நெட்வேர்க் முழுவதையும் சேர்ப்பது வேண்டாத வேலை. வைரஸ் பிடித்த ஒரு லப்டொப் உள்ளே வந்தாலே போதும், அது உங்கள் சேர்வர் வழியே குப்பை மெயில் அனுப்பி, உங்கள் ஐபி கறுப்புப் பட்டியலுக்குப் போய்விடும்.

ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் சேர்வர் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். சிலர் பெயருக்குப் பதிலாக ஐபி எண்ணைப் போட்டிருப்பார்கள். புதிய சேர்வரில் சான்றிதழ் (சேர்வரின் பெயரை உறுதிசெய்யும் பைல்) வந்ததும் அவர்களுக்கு எச்சரிக்கை எழும். பழைய விண்டோஸில் ஓடும் பழைய அவுட்லுக் டிஎல்எஸ் 1.2 என்ற மறைகுறி முறையைப் பேசாமலும் இருக்கலாம். அந்த மெஷின்களை மாற்றத்துக்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

புதிய சேர்வர்

டெபியன் 12இல் டவ்கொட் 2.3 வருகிறது, நான் வைத்தது அதைத்தான். ஏலியஸ் பைலை அப்படியே கொண்டுபோகலாம், இரண்டுக்கும் ஒரே வடிவம். விர்ச்சுயல் யூசர் டேபிள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அதில் கவனம் வேண்டும். ஒரு டொமைனின் எல்லா முகவரிகளையும் இன்னொரு டொமைனுக்குத் திருப்பச் சென்ட்மெயில் சதவீதக் குறியும் 1உம் போட்டு எழுதும். போஸ்ட்ஃபிக்ஸில் இரு பக்கமும் அட் குறியுடன் டொமைன் பெயரை எழுதினால் போதும். 'அப்படி ஒருவர் இல்லை' என்று திருப்பி அனுப்பச் சொல்லும் எரர் வரிகள் அங்கே செல்லாது. அக்சஸ் பைலைக் கொப்பி பண்ணாதீர்கள். அதிலுள்ள ஒவ்வொரு வரியும் எதற்காக என்று பார்த்து, போஸ்ட்ஃபிக்ஸின் விதிகளாக மறுபடி எழுதுங்கள். ஒரே டொமைனை மை டெஸ்டினேஷனிலும் (இந்த மெஷினிலேயே சேரும் டொமைன்கள்) விர்ச்சுயல் டொமைன் பட்டியலிலும் (முகவரிகளை வேறிடத்துக்குத் திருப்பும் டொமைன்கள்) சேர்த்து எழுதக் கூடாது. எழுதினால் லொக்கில் எச்சரிக்கை வரும், மெயிலும் எதிர்பாராத இடத்துக்குப் போகும்.

மெயிலின் அளவு பலருக்கும் தெரியாத இடம். போஸ்ட்ஃபிக்ஸ் தானாக ஏற்கும் மெயிலின் உச்ச அளவு 10,240,000 பைட், அதாவது சுமார் 10 எம்பி. சென்ட்மெயில் தானாக எந்த வரம்பும் வைப்பதில்லை. கள ஆய்வுப் படங்களை இணைத்து 15 எம்பி அனுப்பிப் பழகிய ஆட்களுக்கு மாற்றத்துக்கு மறுநாளே மெயில் திரும்பும். இணைப்பு மெயிலுக்குள் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 25 எம்பி இணைப்பை அனுமதிக்க வேண்டுமென்றால் வரம்பை 35 எம்பி அளவுக்கு வையுங்கள்.

பாஸ்வேர்ட்டை யாரிடமும் கேட்க வேண்டாம். பழைய மெஷினின் ஷேடோ பைலில் இருக்கும் ஹாஷை, அதாவது பாஸ்வேர்ட்டின் உருமாற்றிய வடிவத்தை, எடுத்து டவ்கொட்டின் பாஸ்வேர்ட் பைலில் பெயருக்கு எதிரே வைத்தால், பழைய எம்டி5 வகையாக இருந்தாலும் அது ஏற்கும். எல்லாரும் அதே பாஸ்வேர்ட்டில் உள்ளே வருவார்கள். வலுவான புதிய பாஸ்வேர்ட்டுக்கு மாற்றும் வேலையைச் சில வாரம் கழித்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால், பிரச்சினை வரும்போது எதனால் என்று பிடிபடாது.

சான்றிதழுக்கு, இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் போதும். 90 நாளில் காலாவதியாகும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பித்ததும் போஸ்ட்ஃபிக்ஸும் டவ்கொட்டும் அதை மறுபடி வாசிக்கும்படி ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள்.

பெட்டிகளை இடம்மாற்றுவது

எல்லாவற்றிலும் பெரிய வேலை இது. இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்டுகளால் எம்பொக்ஸை மெயில்டிராக மாற்றுவது சுலபம். ஒவ்வொரு மெயிலும் தனிப் பைலாகிவிடும், எண்ணிக்கையும் சரியாக வரும். ஆனால் ஒவ்வொரு மெயிலுக்கும் சேர்வர் கொடுத்திருந்த அடையாள எண் அந்தச் சமயத்தில் தொலைந்துவிடும். அந்த எண் ஏன் முக்கியம் என்று சொல்கிறேன்.

பொப்பில் மெயில் எடுக்கும் ஒருவர் 'சேர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும்' என்று வைத்திருந்தால், எந்த மெயிலை ஏற்கெனவே இறக்கினோம் என்பதை அவருடைய அவுட்லுக் அந்த அடையாளத்தை வைத்துத்தான் அறிகிறது. அடையாளம் மாறினால் பெட்டியிலுள்ள அத்தனையும் அதற்குப் புது மெயில். மறுபடி முதலிலிருந்து இறக்கத் தொடங்கும். எங்கள் கள அலுவலர்கள் படுவான்கரைப் பக்கம், கொக்கட்டிச்சோலையிலும் வவுணதீவிலும், டொங்கிளில் மெயில் பார்க்கிறவர்கள். பெட்டி மூன்று ஜிபி இருந்தால் அவர்களுடைய மாத டேட்டா ஒரு காலையிலேயே தீர்ந்துவிடும். வேறோர் அலுவலகத்தில் சேர்வர் மாற்றியபோது அங்கிருந்த ஓர் அக்கா எனக்குப் போன் எடுத்து, "தம்பி, விடியத்திலிருந்து பழைய மெயில் எல்லாம் இறங்கிக்கொண்டே கிடக்கு, டேட்டாவும் முடிஞ்சுது" என்றார். புதிய மெயில் அந்தக் குவியலுக்குள் எங்கே என்று அவரால் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

இதைத் தவிர்க்கும் வழி இருக்கிறது. வாஷிங்டன் மென்பொருள் அந்த எண்களை எம்பொக்ஸ் பைலுக்குள்ளேயே, ஒவ்வொரு மெயிலின் தலைப்பகுதியிலும் எழுதிவைக்கும். டவ்கொட் அதே தலைப்புகளை வாசிக்கத் தெரிந்தது. ஆகவே ஸ்கிரிப்டை விட்டுவிட்டு, டவ்கொட்டுடன் வரும் டிசிங்க் கருவியால் மாற்றுங்கள். அடையாள எண், படித்தது படிக்காதது என்ற குறி எல்லாம் கூடவே வரும். பழைய பெட்டிகளின் தொடக்கத்தில் 'இதை அழிக்காதீர்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு விசித்திர மெயில் இருக்கும். பைலைத் திறந்து பார்க்கும்போது அதைக் குப்பையென்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். எண்களின் தொடக்கக் கணக்கு அதற்குள்தான் இருக்கிறது. டவ்கொட் அதை அறிந்து பயனரின் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்துவிடும்.

எண்கள் வந்தாலும் அவற்றை எழுதும் வரிசை மாறுபடும். பழைய சேர்வரில் ஒரு மெயிலின் அடையாளம் 4512907300000017 என்று இருந்தால், முதல் எட்டு இலக்கம் பெட்டியின் எண், அடுத்த எட்டு மெயிலின் எண். டவ்கொட் தானாக எழுதுவது தலைகீழாக: 0000001745129073. (பெட்டி எண் பெரும்பாலும் பெட்டி உருவான நேரம்தான், 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளாக எண்ணி, பதினாறின் அடிமானத்தில் எழுதியது. இந்த எண்ணைப் பிரித்தால் 2006 செப்டம்பர் வரும்.) டவ்கொட்டின் பொப் பகுதியில் அடையாள வடிவத்துக்கென்று ஒரு வரி இருக்கிறது. அதில் பெட்டி எண்ணை முன்னுக்கும் மெயில் எண்ணைப் பின்னுக்கும் மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகும்.

மாற்றியதாக நினைத்துக்கொண்டு விடக் கூடாது, கண்ணால் பார்க்க வேண்டும். டெல்நெட் என்ற கருவி மூலம் பழைய சேர்வரின் 110ஆம் வாசலில் (பொப்புக்கான போர்ட்) நுழைந்து, பெயரும் பாஸ்வேர்ட்டும் கொடுத்து, அடையாளப் பட்டியலைக் கேட்கும் யூஐடிஎல் கட்டளையை அடியுங்கள். வரும் பட்டியலைச் சேமியுங்கள். புதியதிலும் அதையே செய்து இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்தும் வித்தியாசப்படக் கூடாது. உங்கள் சொந்தப் பெட்டியிலும், பெரிய பெட்டி வைத்திருக்கும் இரண்டு மூன்று பேரின் பெட்டியிலும், அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

ஐமாப் பாவிப்பவர்களுக்கு வேறொரு விஷயம். பழைய சேர்வரில் அடைவுகளின் பெயருக்கு முன்னால் மெயில் என்ற முன்னொட்டு இருந்திருக்கலாம். டவ்கொட்டில் அதே முன்னொட்டுடன் மறைவான ஒரு நேம்ஸ்பேஸ் (அடைவுகளின் பெயர்த் தொகுதி) வைத்தால் அவர்களுடைய அமைப்பும் மாற வேண்டியதில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். ஆர்சிங்க் என்ற கொப்பிக் கருவி மூலம் பிரதி எடுத்துப் புதிய மெஷினில் வைத்து, அந்தப் பிரதியிலிருந்து மாற்றுங்கள். சில நாள் முன்பே முதல் சுற்றை முடித்தால், மாற்றும் நாளில் புதிதாக வந்தவை மட்டும்தான் மிச்சம். நடுவில் கரண்ட் போனாலும் டிசிங்கை மறுபடி ஓட்டினால் விட்டதைப் பிடித்துக்கொள்ளும். டிசிங்கின் பேக்கப் (backup) முறை, புதியதைப் பழையதின் அப்படியே நகலாக்கும். பழையதில் இல்லாத எதையும் புதியதிலிருந்து அழித்துவிடும். புதிய சேர்வருக்கு மெயில் வரத் தொடங்கிய பிறகு அதை ஒருபோதும் ஓட்டக் கூடாது.

மாற்றும் நாள்

கார்த்திகை, மார்கழி மாரி மழைக் காலத்தில் இதை வைக்காதீர்கள். கரண்டும் லைனும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, வெள்ளம் வந்தால் ஒபிசுக்கே போக முடியாமல் போகும். முழுநிலா விடுமுறை நாளான போயாவுக்கு முந்திய மாலை நல்லது, மறுநாள் விடுமுறை. ஆனால் இணைய நிறுவனத்தில் தொழில்நுட்ப ஆட்களைப் பிடிப்பதும் அன்றைக்குக் கஷ்டம். அவர்கள் செய்ய வேண்டியது எதுவும் இருந்தால், குறிப்பாக ஐபியிலிருந்து பெயருக்குப் போகும் பிடிஆர் பதிவை, முந்திய வாரமே முடித்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை, புதிய மெஷின் பழைய ஐபி முகவரியையே எடுத்துக்கொள்ளட்டும். பெயரையும் முகவரியையும் இணைக்கும் டிஎன்எஸ்ஸில் எதையும் தொட வேண்டாம், அந்த முகவரி சம்பாதித்த நல்ல பெயரும் கூடவே வரும். முகவரி மாறித்தான் ஆக வேண்டுமென்றால், டிடிஎல்லை (மற்றவர்கள் பழைய முகவரியை நினைவில் வைக்கும் நேரம்) சில நாள் முன்பே 300 நொடிக்கு இறக்கி, நம் பெயரில் அனுப்ப உரிமையுள்ள முகவரிகளைச் சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் இரண்டு முகவரியையும் போடுங்கள்.

அன்று மாலை முதலில் வெளியிலிருந்து மெயில் வரும் 25ஆம் வாசலை மூடுங்கள். பயப்பட வேண்டாம். நம் சேர்வர் பதில் சொல்லாவிட்டால் அனுப்பும் சேர்வர் மெயிலை வரிசையில் வைத்து மறுபடி மறுபடி முயலும். நாலைந்து நாளாவது முயல வேண்டும் என்பதுதான் விதி. சில மணி நேர நிறுத்தத்தால் மெயில் தொலையாது. பிறகு சென்ட்மெயிலின் வரிசையில் நிற்பவற்றை அனுப்பி முடியுங்கள். ஐமாப்பையும் பொப்பையும் நிறுத்தி, கடைசி ஆர்சிங்க், கடைசி டிசிங்க். அப்புறம் பழைய மெஷினுக்கு உள்ளூர் முகவரி ஒன்றைக் கொடுத்து, புதியதற்குப் பழைய முகவரியைக் கொடுங்கள். றவுட்டர் பழைய மெஷினின் மெக் முகவரியை (நெட்வேர்க் கார்டின் எண்) கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். இணைப்பு வரவில்லையென்றால் அமைப்பைக் குடைவதற்கு முன் றவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பழைய வரிசையில் இன்னும் மெயில் நின்றால், அது புதிய சேர்வர் வழியாக வெளியே போகும்படி ஸ்மார்ட் ஹோஸ்ட் அமையுங்கள்.

வாசலைத் திறப்பதற்கு முன் போஸ்ட்ஃபிக்ஸில் சாஃப்ட் பவுன்ஸ் என்ற வரியை 'ஆம்' என்று வையுங்கள். ஒரு ஏலியஸ் விடுபட்டுப்போனாலும் மெயில் 'அப்படி ஒருவர் இல்லை' என்று திரும்பிப் போகாது. 'பிறகு வா' என்ற தற்காலிகப் பதில்தான் போகும். நீங்கள் லொக்கைப் பார்த்துத் திருத்தினால் அதே மெயில் தானாக வந்து சேரும். இந்த மாற்றத்தில் நான் பெரிதும் நம்பும் ஒரு வரி இது.

சோதனைக்கு ஜிமெயிலிலிருந்து உள்ளே ஒன்று, உள்ளேயிருந்து ஜிமெயிலுக்கு ஒன்று. போனவற்றின் மூலத்தைத் திறந்து எஸ்பிஎஃப்பும் டிகிமும் (மெயிலில் சேர்க்கும் கையொப்பம்) தேறியிருக்கிறதா என்று பாருங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் இரண்டில் ஒன்றையாவது எதிர்பார்க்கிறது, பிடிஆர் பதிவையும் கேட்கிறது. போனின் டேட்டாவில், அதாவது ஒபிஸ் லைனுக்கு வெளியே நின்று, பாஸ்வேர்ட் இல்லாமல் வெளி முகவரிக்கு அனுப்ப முயலுங்கள். அது மறுக்கப்பட வேண்டும். மாடிக்குப் போய் ஒரு தாளை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். பட்டியலில் எழுதிய ஒவ்வொரு ஏலியஸுக்கும் ஒரு மெயில்.

அதன் பிறகு

முதல் சில நாள் லொக்கைத் திறந்தே வைத்திருங்கள். ரிலே மறுப்பு (வெளியே அனுப்ப விடாதது), பெயர் இல்லை, பாஸ்வேர்ட் தவறு என்ற மூன்று வகை வரிகளையும் தேடினால் விடுபட்டவை அநேகமாக எல்லாம் அகப்படும். அவை ஓய்ந்ததும் சாஃப்ட் பவுன்ஸை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் குப்பை மெயில்கள் ஓயாமல் திரும்பத் திரும்ப வந்து தட்டும், தவறான முகவரிக்கு எழுதியவருக்கும் நாள் கணக்கில் பதில் கிடைக்காது.

பழைய எம்பொக்ஸ் பைல்களை எழுத முடியாதபடி பூட்டி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று ஒபிசில் இருக்கட்டும், மற்றது வெள்ளம் ஏறாத வேறொரு கட்டிடத்தின் மேல்மாடியில். மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு பெட்டியைத் திறந்து பாருங்கள். டெபியன் 13க்கு ஏற்றும்போது டவ்கொட் 2.4 வரும். அதன் அமைப்பு வரிகள் 2.3இலிருந்து வேறுபட்டவை, பழைய பைல் அப்படியே ஓடாது. அடையாள வடிவத்தை எழுதும் முறையும் மாறியிருக்கிறது. ஆகவே ஏற்றுவதற்கு முன் தனி மெஷினில் ஓட்டி, யூஐடிஎல் பட்டியல்களை மறுபடி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.